அந்த 40 விநாடி யாருடைய கணக்கில்?

வாசகி கேட்கிறார்:

மதிப்புக்குரிய ஐயா, நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன் பக்கம் இருக்கிறோம். 2009 மாசியில் என் தம்பியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டிருக்கிறான். கிளிநொச்சி நகரில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை. காலையில் தரிப்பிடத்தில் அவன் தனியாக நின்றால் பஸ் நிற்பதில்லை. வேறு ஆட்களும் நின்றால் நிற்கிறது. அவர்கள் ஏறியதும் இவன் படியில் கால் வைக்கும் முன்பே நகரத் தொடங்கிவிடுகிறது. சென்ற ஐப்பசியில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். "உனக்காக நின்றால் பின்னால் வருகிறவன் ஆட்களை அள்ளிவிடுவான்" என்று நடத்துனர் முகத்துக்கு நேரே சொன்னாராம். பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகளுக்கும் இதே நிலைதான். சீருடையைக் கண்டால் பஸ் வேகமெடுக்கிறது. ஏறிவிட்டால் நெரிசல், நெரிசலைச் சாட்டி உடலில் படும் கைகள். தம்பி கடைக்குப் போவதற்கு ஏ9 வீதியைக் கடக்க வேண்டும், அது தினம் ஒரு கண்டம். சாரதிகளுக்கும் நடத்துனர்களுக்கும் கொஞ்சம் மனிதத்தன்மையைப் படிப்பிக்க ஒரு வழி சொல்லுங்கள். பெண்களுக்குத் தனி பஸ் கேட்கலாமா? யாருக்கு எழுத வேண்டும்? எழுதினால் ஏதாவது நடக்குமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது நீங்கள் எழுதிய எதுவுமில்லை, அந்த நடத்துனர் சொன்ன ஒரு வரிதான். வீதியும் போக்குவரத்தும் திட்டமிடும் வேலையில் 30 வருடம் இருந்துவிட்டேன். இந்த நோயைப் பற்றிப் பக்கம் பக்கமாக அறிக்கைகள் படித்திருக்கிறேன், சிலவற்றை நானே எழுதியும் இருக்கிறேன். "பின்னால் வருகிறவன் ஆட்களை அள்ளிவிடுவான்" என்ற அளவுக்குச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அவர் பேசிய முறை கேவலமானது. சொன்ன விஷயம் உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் உங்கள் தம்பி ஏறும் படி வரை போய்ச் சேரலாம் என்று நினைக்கிறேன்.

கடிதம் வந்த வாரம் இரண்டு நாள் காலையில் உங்கள் பக்க வீதியில் ஒரு தரிப்பிடத்தில் கைக்கடிகாரத்தோடு நின்றேன். தரிப்பிடம் என்றால் ஒரு வேப்பமரமும் சாய்ந்த பலகையும். பள்ளிப் பையன் ஒருவன் ஏற 2 விநாடி. பஸ் நின்றதென்றே சொல்ல முடியாது, அவன் தாவினான். இடுப்பில் குழந்தையும் கையில் குடையும் வைத்திருந்த பெண்ணுக்கு 9 விநாடி. சந்தைக்கு முருங்கைக்காய்க் கட்டுக் கொண்டுபோகும் ஒரு கிழவிக்கு 26 விநாடி. அவர் முதலில் கட்டைத் தூக்கி உள்ளே வைத்தார், பிறகு கம்பியைப் பிடித்தார், பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தச் செருப்புக்குத்தான் நடத்துனருக்குக் கோபம் வந்தது. பஸ்ஸின் பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். கிழவியின் ஒரு கால் இன்னும் மண்ணில் இருந்தது.

உங்கள் தம்பிக்கு, அவசரப்படுத்தாமல் விட்டால், 40 விநாடி போதும் என்று கணக்கிடுகிறேன். ஒரு மணித்தியாலப் பயணத்தில் அது நூற்றில் ஒரு பங்கு.

மாலையில் நகரத்துப் பஸ் நிலையத்திலிருந்து அதே வழியில் ஒரு பஸ்ஸில் ஏறினேன். நிலையத்தைவிட்டு வெளியே வந்த பஸ் இரண்டு கிலோமீற்றர்கூட இல்லாத தூரத்தை ஊர்ந்து ஊர்ந்து 11 நிமிடத்தில் கடந்தது. புடவைக்கடைக்கு முன்னால் நின்றது, மருந்துக்கடைக்கு முன்னால் நின்றது, தூரத்தில் யாரோ கை அசைப்பதுபோல் தெரிந்ததற்காகக்கூட நின்றது. பின்கண்ணாடியில் அடுத்த பஸ்ஸின் முகம் தெரிந்ததும் பறந்தது. அதன் பிறகு கைகாட்டிய இரண்டு இடங்களில் நிற்கவேயில்லை. 40 விநாடி கொடுக்க நேரமில்லாத அதே பஸ்ஸிடம் 11 நிமிடம் சும்மா கொட்டிக்கிடந்தது, தங்கச்சி. அதைக் கண்ட பிறகு "நேரமில்லை" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. நேரம் இருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதை வசூல் தீர்மானிக்கிறது.

ஏ9 வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு அவசரத்தில் ஓடும் பஸ்ஸும் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கும். சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் திருநீறு பூசிக்கொண்டு வருவார். பயணிகள் கச்சான் வாங்கி முடிப்பார்கள். அதற்காக எந்தச் சாரதியையும் எந்த முதலாளியும் ஏசியதாக நான் கேள்விப்படவில்லை. பின்னால் வருகிற பஸ்ஸும் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நிற்றல் எல்லோருடைய கணக்கிலும் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. நிற்கத் தெரியாத மனிதர்களை நாம் சாரதிகளாக வைத்திருக்கவில்லை. உங்கள் தம்பிக்காக நிற்கும் 40 விநாடி எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். அதை இன்றைக்குத் தன் சட்டைப்பையிலிருந்து கொடுப்பவர் நடத்துனர். ஆகவே கொடுக்க மறுக்கிறார்.

சட்டைப்பை என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. தனியார் பஸ் பலவற்றில் சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலில் டீசலும் முதலாளியின் தொகையும் போக மிஞ்சுவதில் அவர்களுக்குப் பங்கு. இலங்கை போக்குவரத்துச் சபை பஸ்ஸில் சம்பளம் உண்டு, ஆனால் டிப்போவுக்கு வசூல் இலக்கும் உண்டு. இப்படி ஓட்டப்படும் இரண்டு பஸ்களைப் பத்து நிமிட இடைவெளியில் ஒரே வீதியில் விட்டுவிட்டு, சாரதிக்கு மனிதத்தன்மை வகுப்பு எடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. வகுப்பு முடிந்து அடுத்த நாள் காலையிலும் பின்கண்ணாடியில் அதே பஸ்தான் தெரியும். ஏறாத தம்பியும் இடறி விழுந்த கிழவியும் சந்தியில் முந்தப் போய் மோதிய மோட்டார் சைக்கிளும் ஒரே ஓட்டத்தின் பிள்ளைகள்.

உங்கள் மகளின் கதையும் இதே கணக்குத்தான். மாணவர் பருவச்சீட்டுக்குப் பிள்ளை கட்டுவது சிறு தொகை. மீதியை அரசு போக்குவரத்துச் சபைக்குக் கொடுக்கிறது. அந்தப் பணம் நடத்துனரின் கையில் இருக்கும் அன்றைய பையில் விழுவதில்லை. அவருடைய கண்ணுக்குச் சீருடை என்பது இடத்தை அடைக்கும் காசில்லாத தலை. தனியார் பஸ்ஸில் பருவச்சீட்டுச் செல்லாது என்பதால் பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் சபையின் அந்த ஒரே சிவப்பு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். நெரிசல் அங்கேதான் உற்பத்தியாகிறது, அந்தக் கைகளுக்கு மறைவும் அங்கேதான் கிடைக்கிறது.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. 2005இல் தொடங்கிய 'சிசு செரிய' என்ற மாணவர் பஸ் சேவை இருக்கிறது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு மானியம் கொடுக்க, பஸ் குறித்த நேரத்துக்குப் பாடசாலை வாசலுக்கு வருகிறது. வருமானம் குறைந்த கிராமப் பாதைகளுக்குக் 'கமி செரிய', இரவு பிந்தியும் அதிகாலையிலும் ஓடுவதற்கு 'நிசி செரிய' என்று வேறு திட்டங்களும் உண்டு. மூன்றும் ஒரே யோசனைதான்: வசூலைப் பார்த்தால் ஓடாத பஸ்ஸை, ஓடியதற்காகப் பணம் கொடுத்து ஓட வைப்பது. சிங்களப் பெயர்களாக இருப்பதாலோ என்னவோ நம் பக்கத்துப் பெற்றோர் பலருக்கு இவை இருப்பதே தெரியாது. உங்கள் மகளின் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் விண்ணப்பம் போகட்டும். ஒரு தாயின் கடிதத்தைவிட 200 பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலுக்கு எடை அதிகம்.

தம்பியின் 40 விநாடிக்கு வேறு வழி. பஸ் எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும் என்பது நேர அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை, ஏறுகிற எல்லோரும் 2 விநாடியில் தாவுகிற பையன்கள் என்று நினைத்துப் போடப்பட்டது. ஒரு பயணத்துக்கு 4 நிமிடம் கூட்டிப் போட்டால் கிழவியும் தம்பியும் குழந்தையோடு வரும் பெண்ணும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். கூட்டிய 4 நிமிடத்தையும் புடவைக்கடை வாசலில் தின்னாமலிருக்க, நடுவழியில் ஓரிடத்திலாவது நேரக்கணிப்பாளர் இருந்து பதிய வேண்டும். பிந்தி வந்தவருக்கு மட்டும் தண்டம் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. முந்தி வந்தவருக்கும் போட வேண்டும், ஏனென்றால் யாரையோ ஏற்றாமல் விட்டுத்தான் அவர் முந்தி வந்திருக்கிறார். இதைவிடப் பெரிய விஷயம், சபை பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே அட்டவணையில் ஓடுவது. வவுனியாவில் புதிய பஸ் நிலையம் கட்டி முடித்த பிறகும் இந்த இணைந்த நேர அட்டவணை விஷயத்தில் இரு தரப்பும் எப்படி மல்லுக்கட்டின என்பதை வன்னியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வேலைநிறுத்தம் வரை போனது. ஆகவே இது ஒரு மனுவில் முடியும் என்று உங்களுக்கு ஆசைகாட்டமாட்டேன். ஆனால் கேட்க வேண்டியது இதைத்தான். "பஸ்கள் மனிதாபிமானத்துடன் இயங்க ஆவன செய்யவும்" என்று எழுதினால் ஆவன செய்யப்படும் என்று ஒரு பதில் வரும். "காலை 6.40 பஸ்ஸின் ஓட்ட நேரத்தை 4 நிமிடம் கூட்டித் தரவும்" என்று எழுதினால் அதிகாரி பேனாவை எடுத்தே ஆக வேண்டும்.

இனிப் படிக்கு வருவோம். நம்முடைய பஸ்களில் பெரும்பாலானவை லொறியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய உடல்கள். முதல் படி ஏறத்தாழ முழங்கால் உயரத்தில் இருக்கும். அதோடு உங்கள் வீதியில் தாரின் விளிம்புக்கு வெளியே மண் ஒரு சாண் தாழ்ந்து கிடப்பதைப் பார்த்தேன். மாரியில் அது இன்னும் அரித்துப்போகும். பஸ் தாரில் நிற்கிறது, தம்பி மண்ணில் நிற்கிறார். முழங்கால் உயரப் படி அவருக்குத் தொடை உயரமாகிவிடுகிறது. படியின் உயரத்தை நீங்களும் நானும் குறைக்க முடியாது. நிலத்தை உயர்த்தலாம். தரிப்பிடத்தில் தார் மட்டத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில், 2 மீற்றர் அகலத்தில், பஸ்ஸின் வாசல் நீளத்துக்கு ஒரு கொங்கிறீட் மேடை போதும். ஒரு பக்கம் சாய்தளம் வைக்க வேண்டும். 1க்கு 12 என்பது கணக்கு, ஆகவே தார் மட்டத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் ஏற 2.4 மீற்றர் நீளம். சக்கர நாற்காலியும் ஏறும், முருங்கைக்காய்க் கிழவியும் ஏறுவார். செங்குத்தாக அரை மீற்றரில் முடிக்கும் சாய்தளங்களைப் பல அலுவலக வாசல்களில் பார்த்திருக்கிறேன். அவை படம் எடுப்பதற்காகக் கட்டியவை.

கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு சனிக்கிழமைச் சிரமதானத்தில் கட்டிவிடக்கூடிய வேலை இது. ஆனால் அனுமதி இல்லாமல் கையை வைக்காதீர்கள். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. அதற்குக் கீழே உள்ளவை பிரதேச சபையுடையவை. வீதியின் சொந்தக்காரர் யார் என்று தெரியாமல் போட்ட மனுக்கள் மூன்று அலுவலகங்களுக்கிடையில் பந்தாடப்படுவதைப் பார்த்தவன் நான். பிரதேச செயலகத்தில் கேட்டால் உங்கள் வீதியின் எழுத்தையும் இலக்கத்தையும் சொல்வார்கள். மனுவின் முதல் வரியில் அதை எழுதுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது, இலக்கம் 28. அதன் கீழ் 2006இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் பொதுச் சேவைகள் கிடைக்கும் இடங்களையும் சேர்த்தே பேசுகின்றன. பஸ் நிலையம் இதற்குள் அடங்காது என்று சொல்ல ஒருவருக்கு நல்ல துணிச்சல் வேண்டும். எழுத்தில் இருந்ததை உயிர்ப்பித்தவர் அஜித் பெரேரா. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்து, அதன் பிறகு சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். உயர்நீதிமன்றத்துக்குப் போனார். புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு இணங்கியே கட்டப்பட வேண்டும் என்று 2011இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. போர் நடந்த மண்ணில், கால் இழந்தவர் இல்லாத கிராமத்தைத் தேட வேண்டிய வன்னியில், இந்தக் கட்டளை மற்ற இடங்களைவிட அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டும். பேசப்படவில்லை.

ஏ9 பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிளிநொச்சி நகரத்துக்கென்று ஒரு வீதியில்லை. யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையில் ஓடும் நெடுஞ்சாலைதான் நமக்குக் கடைத்தெரு, கோயில் வீதி, பள்ளிக்கூட வீதி எல்லாம். குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் குழியே வேகத்தடையாக இருந்தது. போருக்குப் பிறகு செப்பனிட்டதும் குழி போயிற்று, அதனிடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். கடைவாசலில் நிற்கும் வண்டிகளையும் சேர்த்துக் கடக்க வேண்டிய தூரம் 12 மீற்றர் என்று வைப்போம். செயற்கைக் காலோடு விநாடிக்கு 0.7 மீற்றர் நடந்தால் 17 விநாடி பிடிக்கும். மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் வான் அந்த 17 விநாடியில் 330 மீற்றர் வந்துவிடும். தம்பி காலடி எடுத்து வைக்கும்போது அந்த வான் தூரத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். இடையில் ஒரு டிப்பர் நிறுத்தியிருந்தால் அதுவுமில்லை. இனிச் சாரதியின் பக்கம். காய்ந்த வீதி, நல்ல பிரேக் என்றே வைத்துக்கொண்டாலும், ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைத்து வண்டி நிற்க 50இல் 37 மீற்றர் வேண்டும், 70இல் 60 மீற்றர். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: 50இல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், 70இல் வந்தவர் இன்னும் 60 கிலோமீற்றர் வேகத்தில் இருப்பார். ஏனென்றால் அவருடைய தூரத்தின் பாதி, கால் பிரேக்குக்குப் போகும் முன்னரே கரைந்துவிடுகிறது. "கொஞ்சம்தானே கூட ஓடினேன்" என்கிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிலர் பேசாமல் இருந்தார்கள்.

ஊருக்குள் 50 என்பது சட்டம். பலகையில் இருக்கிறது, பொலிஸார் நிற்கும் இடத்திலும் இருக்கிறது. அவர்கள் போனதும் போய்விடுகிறது. ஆகவே பொலிஸார் இல்லாதபோதும் வேலைசெய்கிற ஒன்றைக் கேளுங்கள்: பாதசாரிக் கடவைக்கு நடுவில் ஒரு திட்டு. ஒரு ஆள் ஊன்றுகோலோடு நிற்கும் அளவுக்கு 2 மீற்றர் அகலம், நடுவில் சக்கர நாற்காலி போகும் இடைவெளி. 17 விநாடி எட்டரை எட்டரையாகப் பிரிந்துவிடும், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும். வீதி ஒடுங்குவதால் சாரதியின் கால் தானாகத் தளரும். அதோடு கடவைக்கு இரு பக்கமும் 10 மீற்றருக்காவது வண்டி நிறுத்தாமல் இருக்க வேண்டும். முதலில் எதிர்க்கப்போவது கடைக்காரர்கள். தம்பி வேலை செய்யும் கடை முதலாளியிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கடிதத்தில் நீங்கள் கேட்காதது. காலபோக அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயப்போடுவதைப் பற்றி எல்லோரும் திட்டுகிறார்கள். பாதி வீதியை நெல் பிடித்துக்கொள்ள, பஸ்ஸும் சைக்கிளும் மீதிப் பாதியில் மல்லுக்கட்டும். ஓரத்தில் வைத்த கல்லை இருட்டில் எடுக்க மறந்துவிடுவார்கள். ஆபத்துத்தான். ஆனால் ஈரம் காயாத நெல்லை நெல் சந்தைப்படுத்தும் சபை முழு விலைக்கு வாங்காது. உலர்களம் இல்லாத விவசாயி நெல்லை எங்கே கொண்டுபோவார்? தரிப்பிட மேடை கேட்கும் அதே கூட்டத்தில் உலர்களமும் கேட்டால், இதுவரை உங்களுக்கு எதிராக நின்ற பாதி ஊர் உங்கள் பக்கம் வந்துவிடும். இது பொறியியல் இல்லை, அனுபவம்.

அந்தக் கைகளைப் பற்றி. உங்கள் எழுத்து அந்த இடத்தில் அரை வரியோடு நின்றுவிட்டது, புரிகிறது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் 25 மாவட்டங்களிலும் எடுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் ஒருமுறையாவது பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகச் சொன்ன பெண்களும் சிறுமிகளும் 90 சதவீதம். பொலிஸாரிடம் போனவர்கள் 4 சதவீதம். உங்கள் மகளுக்கு நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இந்த 90ஐத்தான். தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று அந்த வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். இது நம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். 1995இல் திருத்திய சட்டம், ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கையால் தொட்டால்தான் குற்றம் என்றில்லை, சொல்லாலும் செய்கையாலும் தொல்லை கொடுத்தாலும் குற்றமே. உடனே உதவி வேண்டுமென்றால் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. மகளின் கொப்பியின் பின் அட்டையில் மூன்றையும் எழுதி வையுங்கள். பஸ்ஸுக்குள் நடப்பதை நடத்துனர் காணவில்லை என்று சொல்ல முடியாது. டிக்கெட் போட அவர் அந்த நெரிசலுக்குள் முன்னும் பின்னும் பத்துத் தடவை போய் வருகிறார். முறைப்பாட்டில் பஸ்ஸின் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதினால், அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவரும் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

தனிப் பெண்கள் பஸ் எனக்குச் சம்மதமில்லை. பஸ் குறைவாக ஓடும் பாதையில் ஒன்றைப் பெண்களுக்கென்று ஒதுக்கினால், மற்ற பஸ்களில் ஏறும் பெண்ணைப் பார்த்து "உன் பஸ் போய்விட்டதே" என்பார்கள். ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு மேலதிகப் பயணம் கேளுங்கள். கூட்டம் பாதியானால் சாட்டும் பாதியாகும்.

யாருக்கு எழுதுவது என்று கேட்டீர்கள். உங்கள் பாதை மாகாணத்துக்குள் ஓடுவது. ஆகவே வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை; சபை பஸ்ஸுக்கு டிப்போ முகாமையாளர். கொழும்பு, கண்டி என்று மாகாணம் கடந்து ஓடும் பஸ்ஸென்றால்தான் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, இலக்கம் 1955. ஆனால் எழுதும் முன் ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். 14 நாள், காலையும் மாலையும்: திகதி, பஸ்ஸின் இலக்கத்தகடு, வந்த நேரம், நின்றதா, தம்பி ஏறி முடிக்கும் வரை நின்றதா. கோபத்தை எழுத வேண்டாம், நேரத்தை மட்டும் எழுதுங்கள். அயலில் ஊன்றுகோலோடு போகிறவர், கர்ப்பிணி, கிழவி என்று இன்னும் நாலைந்து பேர் எழுதினால் இன்னும் நல்லது.

அதே வேளையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 மாசியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழில் எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டியது இரண்டு: உங்கள் பாதையின் அங்கீகரிக்கப்பட்ட நேர அட்டவணை, அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானம் சொல்ல வேண்டும். அந்தத் தாளையும் உங்கள் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த பஸ் எங்கே களவாக நேரம் எடுக்கிறது என்பது யாருடைய விளக்கமும் இல்லாமல் தெரியும். அதன் பிறகு பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். அங்கே அதிகார சபை, டிப்போ, பொலிஸ், பிரதேச சபை எல்லோரும் ஒரே மேசையில் இருப்பார்கள். "அது எங்களுடையது இல்லை" என்று ஒருவர் சொன்னால் அடுத்த நாற்காலியைக் காட்டலாம்.

ஏதாவது நடக்குமா என்ற கேள்விக்கு: மேடை நடக்கும், ஓரிரு மாதத்தில். கடவையில் திட்டு ஒரு வருடம் இழுக்கும். நேர அட்டவணைக்கு நிறையப் பொறுமை வேண்டும், முதல் கூட்டத்தில் உங்களைப் பேசவிடாமல் இருக்கவும் பார்ப்பார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் மண்டபத்துப் படி ஏறி வந்து நாற்காலியில் அமரும் வரை அந்த அறை முழுவதும் காத்திருக்க வேண்டிவரும்.

14 நாள் முடிந்ததும் கொப்பியின் பிரதியை எனக்கு அனுப்பிவையுங்கள். கணக்கை ஒழுங்குபடுத்தி, குழுவுக்குக் கொடுக்கக்கூடிய ஒரு பக்க அட்டவணையாகத் தருகிறேன். தம்பியின் கை இப்போது எப்படி என்றும் ஒரு வரி எழுதுங்கள்.